வலது ஓரம் என்று எழுதியவன் நானே

1

இக்கதை ஒரு புகார் மனுவிலிருந்து பிறந்தது. அம்மனுவை எழுதியவனும் நானே. பதினாறு வரிகள். கையெழுத்து தெளிவாக இருந்தது. நாளும் இடமும் முறைப்படி குறிக்கப்பட்டிருந்தன. ஆனால் ஆறாவது வரி உண்மைக்கு நேர்மாறாக அமைந்து, அடிபட்ட பெண்ணையே குற்றவாளியாக்கிவிட்டது. அந்த மனு இப்போது காவல் நிலையக் கோப்பில் உள்ளது. அதன் கதையையாவது சரியாக எழுதிவிட வேண்டும் என்று அமர்ந்திருக்கிறேன்.

எழுதத் தொடங்கியது இது நான்காம் முறை. முதல் தொடக்கம் இவ்வாறு இருந்தது:

கீழ்வானம் சிவக்க, ஆலைச் சங்குகள் முழங்க, திருப்பூர் நகரம் துயில் நீங்கிய அந்த இனிய காலைப் பொழுதில்…

(கைவிட்டேன். அந்நிகழ்வு நடந்தது காலை எட்டு மணி பத்து நிமிடத்திற்கு. வானம் மூடியிருந்தது. சங்கு ஒலித்ததாக ஒருவரும் கூறவில்லை.)

இரண்டாம் தொடக்கம்:

2009ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் பதினேழாம் நாள் செவ்வாய்க்கிழமை, முதலிபாளையம் சாலையில், மனுதாரர் ஆகிய…

(இது மனு. முப்பத்தோராண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றபின், தெருவினருக்கு மனு எழுதிக் கொடுத்தே என் கை பழகிவிட்டது. கதையிலும் 'மனுதாரர்' வந்து நிற்கிறார்.)

மூன்றாம் தொடக்கத்தில் என் பெருமையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதனைக் காட்டப் போவதில்லை.

2

ரோஸ்மேரி தம் கைப்பேசியைச் சைக்கிளின் பின்புறம் கட்டினார்.

இவ்வரியை வைத்துக்கொள்கிறேன். கதை இங்கேதான் தொடங்குகிறது.

ரோஸ்மேரி தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் பன்னிரண்டு ஆண்டுகளாக வாழ்பவர். ஏற்றுமதிப் பனியன் நிறுவனம் ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து முடித்த பனியனை மேசைமேல் விரித்து, கறையோ ஓட்டையோ கோணல் தையலோ கண்டால் அவ்விடத்தில் சிவப்பு அம்புக்குறி ஒட்டுவார். நாளொன்றுக்கு அறுநூறு பனியன்கள் அவர் கண்ணைக் கடந்தே வெளிநாடு செல்கின்றன. அடுத்த வீட்டு ராக்கம்மாளும் அதே நிறுவனத்தில்தான் தைக்கிறார். அவ்விருவரும் மேலும் ஒன்பது பெண்களும் நாள்தோறும் சைக்கிளில் வேலைக்குச் செல்பவர்கள்.

நிறுவனத்திற்கு வேன் உண்டு. எனினும் அப்பெண்கள் அதில் ஏறுவதில்லை. வேனில் சென்றால் வேன் புறப்படும்போதுதான் வீடு. ஓவர்டைம் முடியும்வரை, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கம்பெனியிலேயே இருக்க வேண்டும். சைக்கிள் இருந்தால் எட்டு மணி நேர வேலை முடிந்ததும் மிதித்துக்கொண்டு வந்துவிடலாம். இதனை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். அப்பெண்கள் காக்க விரும்பியது இந்த மாலைப் பொழுதையே.

அந்த வேன்தான் அவர்களைச் சாலையிலிருந்து மண்ணுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து நீண்ட ஒலி எழுப்பி, கைப்பிடியை உரசுவதுபோல் கடந்து செல்லும். இருமுறை காவல் நிலையம் சென்று வாய்மொழியாகக் கூறினர். 'எந்த நாள், எந்த இடம், என்ன அத்தாட்சி?' என்று கேட்டுக் காவலர் திருப்பி அனுப்பினர். அது தவறான கேள்வி அன்று. ரோஸ்மேரியும் அப்படித்தான் எண்ணினார். குறை சொன்னால் அம்பு ஒட்டிக் காட்ட வேண்டும் என்பது அவர் தொழில் வழக்கம்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, உள்ளாடை இடுப்பில் வைத்துத் தைக்கும் எலாஸ்டிக் பட்டையால், வீடியோ எடுக்கும் தம் சீனக் கைப்பேசியைக் கேரியரில் இறுக்கிக் கட்டினார்.*

"என்னடி ரோசு, செல்லைக் கொண்டுபோயி பின்னாடி கட்டியிருக்க? பேய் அண்டாம இருக்கவா?" என்றார் ராக்கம்மாள்.

"பேயைப் புடிக்கத்தாங்க்கா. அது பின்னாடியிருந்துதான வருது!"

(* முதலில் நாடாவால் கட்டினாராம். படம் குலுங்கியது. எலாஸ்டிக்கிலும் குலுங்கியது, ஆயினும் முகம் தெரிந்தது.)

3

இங்கே ஓட்டுநரை அறிமுகப்படுத்த வேண்டும். அவரைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு.

முதற்படியில் அவருக்கு முறுக்கு மீசையும் சிவந்த கண்களும் வாய் நிறையப் புகையிலையும் கொடுத்திருந்தேன். அனைத்தையும் அடித்துவிட்டேன். உண்மையில் மோகன்ராஜ் இருபத்தைந்து வயதுடையவர், மழித்த முகம், காவல் நிலையத்தில் என்னைக் கண்டதும், "உக்காருங்க சார்" என்று தம் நாற்காலியை விட்டு எழுந்தார். காலை எட்டரைக்குள் மூன்று நடை ஆட்களை ஏற்றி இறக்க வேண்டும். மூன்றாம் நடையில் மேலாளரின் குரல் அவர் காதில் கைப்பேசி வழியே ஒலித்துக்கொண்டே இருக்கும்.

[இவ்விடத்தில் அவருடைய தாயாரைப் பற்றி உருக்கமாக ஒரு பத்தி இருந்தது. அவர் தாயாரை எனக்குத் தெரியாது. ஆதலின் நீக்கிவிட்டேன்.]

பண்புள்ள ஓர் இளைஞர், அவசரத்தில், ஒரு பெண்ணைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு நிற்காமற் சென்றார். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்க முற்பட்டேன், இயலவில்லை.

4

படம் பதினான்கு வினாடிகள். ரோஸ்மேரி முன்னே செல்கிறார். ஆதலின் படத்தில் அவர் இல்லை. பின்னால் ராக்கம்மாள், நம்மைப் பார்த்தவாறு மிதித்து வருகிறார். ஏதோ பேசிச் சிரிக்கிறார். அவருக்குப் பின்னால் வெள்ளை வேன் பெரிதாகிறது. ஒலி. வேனின் பக்கவாட்டு, கைப்பிடியைப் பற்றியிருந்த அவர் கையில் மோதுகிறது. ராக்கம்மாள் படத்திலிருந்து மறைகிறார். வேன் முன்னேறி வருகையில் அதன் எண் முழுமையாகத் தெரிகிறது.

மோதல் நடந்த அன்று மாலை, கையில் மாவுக்கட்டுடன் ராக்கம்மாளை ரோஸ்மேரி என் வீட்டுக்கு அழைத்து வந்தார். கைப்பேசியில் படத்தை எனக்கு மூன்றுமுறை காட்டினார். பிறகு அதனைக் குறுந்தகட்டில் ஏற்றுவதற்காகக் கணினிக் கடைக்குச் சென்றுவிட்டார். நான் மனுவை எழுதினேன். கண்ணால் கண்டதையே எழுதினேன். படத்தில் ராக்கம்மாள் வலப்பக்கம் இருந்தார். வேன் இடப்பக்கம் இருந்தது. எனவே ஆறாவது வரி:

'சாலையின் வலது ஓரமாகச் சென்றுகொண்டிருந்த மனுதாரரை, இடப்புறமாக வந்த மேற்படி வேன் மோதித் தள்ளியது.'

நம் நாட்டில் வண்டிகள் இடப்புறம் செல்ல வேண்டும் என்பதை அறியாதவன் அல்லன் நான். ஆனால் சொற்றொடரின் அழகில் ஈடுபட்டிருந்தவனுக்கு அதன் பொருள் உறைக்கவில்லை. எழுதி முடித்து, உரக்கப் படித்துக் காட்டினேன். ராக்கம்மாள் கண்ணை மூடிக் கேட்டார்.

"கோயில்ல அய்யரு மந்திரஞ் சொல்ற மாதிரி இருக்கு சார். ஒண்ணும் வெளங்கல. ஆனா நல்லாருக்கு" என்று கூறி, இடக்கைப் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றினார்.

நான் மகிழ்ந்தேன். (இவ்வாக்கியத்தை நான்குமுறை அடித்து, நான்குமுறை மீண்டும் எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.)

5

இரு நாள் கழித்துக் காவல் நிலையம். உதவி ஆய்வாளர் குமாரவேல், கோபக்காரர் அல்லர். மனுவைப் பொறுமையாகப் படித்தார். குறுந்தகட்டைக் கணினியில் இட்டு இருமுறை பார்த்தார். எதிர்ப்பக்கம் மோகன்ராஜும் நிறுவன மேலாளரும் அமர்ந்திருந்தனர்.

"ஏனுங்கம்மா, நம்மூர்ல வண்டி எந்தப் பக்கமாப் போகோணும்?"

"எடது பக்கமாங்கய்யா" என்றார் ராக்கம்மாள்.

"நீங்க வலது ஓரமாப் போனதா நீங்களே எழுதிக் குடுத்திருக்கறீங்களே. படத்துலயும் அப்படித்தான் இருக்குது. அப்ப ராங் சைடுல போனது ஆருங்க?"

மேலாளர் நாற்காலியை முன்னே இழுத்தார். "அதைத்தானுங்க சார் நாங்களும் சொல்றது. பையன் தன்ற பக்கந்தான் போயிருக்கான். அந்தம்மாதான் ராங் சைடுல வந்து வண்டிக்கிட்டச் சாஞ்சிருக்கறாங்க. இதெல்லாம் எதுக்குங்க வம்பு? நாளையிலிருந்து கேட்டுக்குள்ள சைக்கிளே உடறதில்லைன்னு முடிவு பண்ணீட்டோமுங்க. பதினோரு பேரும் வேன்லயே வரட்டும்."

"எந்த வேன்ல சார்? இந்தத் தம்பி ஓட்டுற வேன்லயா?" என்றார் ரோஸ்மேரி.

பெண் காவலர் ஒருவர் கோப்பால் முகத்தை மறைத்துச் சிரித்தார். ஆனால் நிலைமை சிரிப்புக்குரியது அன்று. உதவி ஆய்வாளர் மனுவை மூடினால், குற்றம் ராக்கம்மாளுடையது என்று முடியும். மறுநாள் வாயிலில் சைக்கிள்கள் தடுக்கப்படும். பதினொரு பெண்களும் அவ்வேனில் ஏறுவர். அல்லது வேலையை விடுவர்.

நானோ, மனம் அமைதியாக அமர்ந்திருந்தேன். நான் எழுதியது சரி என்றே நம்பியிருந்தேன். படம் அதனை மெய்ப்பித்தது. ராக்கம்மாள் தவறான பக்கம் சென்றுவிட்டாரே என்று உள்ளுக்குள் வருந்தவும் செய்தேன்.

ரோஸ்மேரி மனுவை வாங்கி, அன்றுதான் முதன்முறையாகப் படித்தார். ஆறாவது வரியில் அவர் விரல் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மோகன்ராஜை நோக்கித் திரும்பினார். மோகன்ராஜ், ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட டீசர்ட் ஒன்றை அணிந்திருந்தார். அதன் மார்பில் சிறிய ஆமைப் படம்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. அந்தத் தம்பி சட்டையில ஆமை எந்தப் பக்கம் இருக்கு?"

"இதென்னம்மா கேள்வி?" என்ற உதவி ஆய்வாளர், மோகன்ராஜை ஏறிட்டுப் பார்த்துத் தம் வலக்கையை அத்திசையில் நீட்டினார். "இந்தா, வலது பக்கம்."

"தம்பி, நீ சொல்லு. ஆமை எந்தப் பக்கம்?"

மோகன்ராஜ் மார்பைத் தொட்டுப் பார்த்தார். "எடது பக்கமுங்க்கா."

"ரெண்டு பேரும் பொய் சொல்லலைய்யா. செக்கிங் டேபிள்ல மொத நாளே எங்களுக்குச் சொல்லிக் குடுக்குறது இதுதான். பாக்குறவுக பக்கம் கணக்கில்ல; போட்டிருக்கவுக பக்கந்தான் கணக்கு. மாத்தி டிக் அடிச்சோம்னா மொத்தப் பெட்டியும் திரும்பி வந்துரும். செல்லு பின்னாடியப் பாத்துல்ல இருந்துச்சு? அக்கா நமக்கு எதுக்க வருது. அதுக்கு எது எடது கைப் பக்கமோ, ரோட்டுக்கும் அதுதாங்கய்யா எடது. சார் பாக்குறவுக பக்கத்தை எழுதிப்புட்டாக."



குமாரவேல் எழுந்தார். படத்தை, வேன் மோதும் கணத்தில் நிறுத்தினார். கணினிக்கு முதுகு காட்டி, ராக்கம்மாள் நிற்கும் திசையிலேயே நின்றார். தம் வலக்கையை உயர்த்தினார். கழுத்தை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தார். வேன், உயர்ந்த கையின் பக்கத்தில், ராக்கம்மாளுக்கு வலப்புறம் இருந்தது. பிறகு எதிரில் அமர்ந்திருந்த ராக்கம்மாளைப் பார்த்தார். மாவுக்கட்டும் வலக்கையில்தான் இருந்தது.

"அட!" என்றார்.

பெண் காவலரும் வந்து முதுகு காட்டி நின்று கை உயர்த்திப் பார்த்தார். அடுத்து எழுத்தர். மேலாளர்கூட, தம்மை அறியாமல் பாதி எழுந்து, பாதி திரும்பி, அமர்ந்துவிட்டார்.

(வாசகரே, விரும்பினால் நீங்களும் எழுந்து நின்று பார்க்கலாம். நான் அன்று பார்த்தேன். முப்பத்தோராண்டுகள் கரும்பலகைக்கு முதுகு காட்டி நின்றவன். என் இடமும் மாணவர் இடமும் வேறு என்பதைத் தொழிலாகவே அறிந்திருக்க வேண்டியவன்.)

"ஏப்பா, நெஞ்சுல ஆமையை வெச்சுட்டு எதுக்குப்பா அந்த ஓட்டம் ஓட்டுனே?" என்றார் குமாரவேல். மோகன்ராஜ் தலை குனிந்தார்.

ஆனால் மேலாளர் விடவில்லை. "சார், படம் எப்படியோ இருக்கட்டுமுங்க. அந்தம்மா கைநாட்டு வெச்ச பெட்டிசன்லயே வலது ஓரம்னுதான் இருக்குது. அவங்க சொல்லாமயா எழுதியிருப்பாங்க?"

"என்னங்கம்மா, நீங்க சொல்லித்தான் எழுதுனாங்களா?"

ராக்கம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்கய்யா. நாந்தான் வலியில மாத்திச் சொல்லிப்புட்டேன்" என்றார்.

அப்போது நான் துணிவுடன் எழுந்து…

(அடித்துவிட்டேன். துணிவு இல்லை.)

அப்போது நான், சற்றும் தாமதியாது…

(தாமதித்தேன். மேலாளர், "பாருங்க, அவங்களே ஒத்துக்கறாங்க" என்று கூறி முடிக்கும்வரை தாமதித்தேன்.)

எழுந்தேன். "அவர் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை" என்றேன். "படத்தைப் பார்த்து நானாகவே எழுதினேன். சைக்கிளில் சென்றவர் எதிரிலேயே அமர்ந்திருந்தார். எந்தப் பக்கம் சென்றீர்கள் என்று அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிழை என்னுடையது. அதனை எழுதியும் தருகிறேன்."

"எழுதிக் குடுங்க சார்" என்று குமாரவேல் வெள்ளைத்தாளை நீட்டினார். "இந்தத் தடவை கேட்டு எழுதுங்க."

ராக்கம்மாள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஐந்தே வரிகள். 'மேற்படி' ஓரிடத்திலும் வரவில்லை. படித்துக் காட்டினேன்.

"இப்பத்தான் சார் வெளங்குது" என்றார் அவர். "அன்னைக்கு மாதிரி அழகா இல்லைதான். இருந்துட்டுப் போகட்டும்."

வழக்குப் பதிவு செய்யப்பட்டது.

6

இனி முடிவுகள். மூன்று எழுதியுள்ளேன்.

முதலாவது: மோகன்ராஜ் ராக்கம்மாளின் காலில் விழுந்து கதறுகிறார். ராக்கம்மாள் அவரைத் தம்பியாக ஏற்று…

(இது நடக்கவில்லை. நடந்தது, காவல் நிலைய வாசலில் இவ்வளவே. "தப்புத்தானுங்க்கா. நிறுத்தியிருக்கோணும். கை சீக்கிரம் சரியாகட்டுமுங்க" என்றார் மோகன்ராஜ். "கை சரியாகும். மொதல்ல நீ சரியாகு" என்றார் ராக்கம்மாள். இது என் முடிவைவிட நன்றாக இருக்கிறது.)

இரண்டாவது: நிறுவனம் வஞ்சம் வைத்துச் சைக்கிள்களைத் தடுக்கிறது. பெண்கள் வாயிலில் அமர்ந்து போராடுகின்றனர்.

(போராட்டத்திற்குத் தேவை ஏற்படவில்லை. மறுநாள் காலை ரோஸ்மேரி முதல் ஆளாக வாயிலில் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினார். காவலாளி மேலாளரைப் பார்த்தார். மேலாளர், கேரியரில் எலாஸ்டிக்கால் கட்டப்பட்டுத் தம்மையே நோக்கிக்கொண்டிருந்த கைப்பேசியைப் பார்த்தார். "உள்ள உடுப்பா" என்றார். அந்த வாரமே வேனின் மூன்று நடைகள் இரண்டாகக் குறைக்கப்பட்டு, மற்றொரு வண்டி அமர்த்தப்பட்டது. இதனை எனக்குக் கூறியவர் மோகன்ராஜே. "இப்பத்தானுங்க சார் தொண்டையில சோறு எறங்குது" என்றார். வழக்கு நடந்துகொண்டிருந்தது; அதில் தம் தவற்றை அவர் மறுக்கவில்லை.)

மூன்றாவது முடிவை நான் கண்ணால் கண்டேன். ஆயினும் கண்ணால் கண்டதை மட்டும் நம்பாமல், ராக்கம்மாளிடமும் ரோஸ்மேரியிடமும் கேட்டுச் சரிபார்த்தே எழுதுகிறேன்.

ஏழு வாரங்களுக்குப் பின் மாவுக்கட்டு அவிழ்ந்தது. பொங்கலுக்கு முந்தைய திங்கட்கிழமை, ராக்கம்மாள் மீண்டும் சைக்கிளில் ஏறினார். அன்று பதினொரு சைக்கிள்கள் அல்ல. பத்தொன்பது. பிற நிறுவனப் பெண்களும் சேர்ந்திருந்தனர். வேனை விட்டு இறங்கிப் புதிதாகச் சைக்கிள் வாங்கியவர் நால்வர். தெருமுனையில் கூடி நின்று, யார் முன்னே, யார் பின்னே என்று வாதிட்டனர்.

"நான் கடேசியில வாரேன்" என்றார் ராக்கம்மாள்.

"வேணாங்க்கா, நீ நடுவுல வா."

"நடுவுல வந்தா உங்க முதுகத்தானடி பாக்கணும். செல்லை ஏங் கேரியர்ல கட்டு. வாரவன் மூஞ்சிய நான் எடுக்குறேன்."

கட்டினார்கள். முதல் சைக்கிள் முதலிபாளையம் திருப்பத்தை அடைந்தபோதும் கடைசிச் சைக்கிள் எங்கள் தெருமுனையைக் கடந்துகொண்டிருந்தது. யாரோ பாடினார்கள். யாரோ பாட்டைத் தவறாகப் பாடுவதாகத் திட்டினார்கள். சாலையின் ஓர் ஓரம் முழுவதும் அவர்களுடையதாக இருந்தது. பால்காரர் ஒருவர் மொபெட்டை ஒதுக்கி நிறுத்தி, அவர்கள் கடந்து முடிக்கும்வரை, ஊர்வலத்தைப் பார்ப்பவர்போல் காத்திருந்தார்.

அப்போது பின்னால் ஒரு வண்டி வந்தது.

இங்கே நிறுத்துகிறேன். பால்காரர் வரையே நான் கண்டது. அவ்வண்டி கார் என்றும், வேன் என்றும், லாரி என்றும் மூன்று படிகளில் எழுதிப் பார்த்தேன். ஓட்டுநருக்குப் பெயர் வைத்தும் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. ஆதலின் ஓட்டுநர் இருக்கையைக் காலியாக விட்டிருக்கிறேன். வாசகரே, நீங்கள் ஏறி அமருங்கள். உங்களுக்கும் வேலைக்கு நேரமாகிறது. அதை நான் மறுக்கவில்லை. உங்கள் முன்னே பத்தொன்பது பெண்கள். கடைசியில் செல்பவர் திரும்பிப் பார்க்கவில்லை; ஒதுங்கவும் இல்லை; அவசரமின்றி மிதித்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கால் பிரேக்கின்மேல் இருக்கிறதா, ஆக்சிலரேட்டரின்மேல் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். நான் பேனாவை மூடிவிட்டேன்.